நாச்சிமுத்து ஏறிக்கொண்டே போனது

மலையிலிருந்து இறங்கும்போது நாச்சிமுத்துவுக்கு மட்டும் ரோடு மேல்நோக்கி ஏறியது. அன்றைக்கு ஏறத் தொடங்கியவன் அதற்கப்புறம் இறங்கவே இல்லை; பெருங்கரட்டு உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு ஏறினான், அடிவாரத்திலிருந்து வாய்க்கால் கரையோடு கோபிக்கு ஏறினான், கோபி பஸ் ஸ்டாண்டிலிருந்து சொந்த வீட்டுக்கு ஏறினான், வாசலில் இருந்து எழுந்து தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குப் போனாலும் ஏறித்தான் போனான் என்று நான் சொன்னால் எங்கள் தெருவில் ஒருத்தரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். 'ஆமாங்க, அந்த வருசம் சித்திர வெயில்லயும் பால் கெடவே இல்லீங்க' என்று அதைத்தான் முதலில் சொல்வார்கள். ஊர் என்றால் அப்படித்தான் இருக்கும், அதைத் திட்டி எனக்கு வாய் வலித்துவிட்டது.

நாங்கள் நாலு பேர். வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வுபெற்ற திருமூர்த்தி, கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காதர் பாய், டவுன் பஸ்ஸில் 'ரைட், ரைட்' என்று கத்தியே தொண்டையைத் தொலைத்த கண்டக்டர் மாரப்பன் என்கிற நான், பால் சொசைட்டியில் உட்கார்ந்து, கொண்டு வந்தவன் மாமனோ மச்சானோ, பாலில் தண்ணீர் இருந்தால் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லி ஊர்ப் பகையெல்லாம் சம்பாதித்து வைத்திருந்த நாச்சிமுத்து. வருசா வருசம் மாசியில், மழையும் போய் வெயிலும் முற்றாத அந்த நாட்களில், காசி ராமேஸ்வரம் போக வேண்டிய வயதில் இந்தக் கிழவர்களுக்கு ஏன் இந்தப் பாடு என்று வீட்டில் உள்ளவர்கள் தலையில் அடித்துக்கொள்ள, நாங்கள் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டு பெருங்கரட்டுக்குக் கிளம்புவோம். பேர்தான் கரடு. ஏறினவனுக்குத்தான் தெரியும் அது மலை என்று. வழியில் இரண்டு மூன்று இடத்தில் தங்கித் தங்கித்தான் உச்சிக்குப் போக முடியும்.

எங்களுக்கு ரெண்டே சட்டம். ஏறும்போது கால் ஊனக் கூடாது. ஒரு ஊசி வளைவை விட்டுக் கிளம்பினால் அடுத்த வளைவு வரும்வரை, மூச்சு முட்டினாலும் தொடை நரம்பு இழுத்தாலும், தரையில் கால் படக் கூடாது. பட்டால் அவன் காதர் பாயின் ஸ்பேனர் பையைச் சுமக்க வேண்டும், அது ஒரு சின்ன பிள்ளையின் கனம் இருக்கும். வளைவில் மட்டும் ஊனிக்கொள்ளலாம், பின்னால் வருகிறவன் வந்து சேரும்வரை முன்னால் போனவன் அங்கே காத்திருக்க வேண்டும். இரண்டாவது சட்டம், இறங்கும்போது யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது, அவனவன் இறக்கம் அவனவனுக்கு, அடிவாரத்து டீக்கடையில் பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் போட்டவன் நாச்சிமுத்துதான்.

அவன் மனைவி பழனாத்தாளுக்கு இளைப்பு. சின்ன வயதிலிருந்து பஞ்சு ஆலையில் வேலை பார்த்தவள், அந்தப் பஞ்செல்லாம் நெஞ்சுக்குள்தான் போய்ச் சேர்ந்தது. படுத்தால் மூச்சு வராது என்று அவள் படுத்தே பல வருசம் ஆகியிருந்தது. கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள், நாச்சிமுத்து பின்னால் உட்கார்ந்து இடுப்பிலிருந்து பிடரிவரை முதுகை மெல்ல நீவிவிடுவான், நீவிக்கொண்டே இருந்தால்தான் அவள் தூங்குவாள், கை நின்றால் விழித்துவிடுவாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்தக் கையும் அந்த முதுகும்தான் குடும்பம். அவன் மலைக்குப் போகும் நாட்களில் அவளுடைய அண்ணன் மகள் துணைக்கு வந்து இருப்பாள், ஆனாலும் பழனாத்தாள் தூங்க மாட்டாள், அவன் வரும்வரை விழித்தே இருப்பாள். அதற்காக அவனைப் போக வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. என்னோட சேந்து நீங்களும் எதுக்கு எளச்சுக்கிட்டு கெடக்கோணும்?" என்பாள். அந்த வருசம் நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தவள் என்னைப் பார்த்து, "ஏனுங்ண்ணா, அங்க பனி கொட்டுமாமே, புல்லு மேலெல்லாம் வெள்ளையா நிக்குமாமே, ஒருக்காவாச்சும் என்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாரான்னு கேளுங்க" என்று சிரித்தாள். "நீ ஏறுனா மலை எறங்கி ஓடிரும் புள்ள" என்று நாச்சிமுத்து சொன்னான். சீக்கிரம் வந்துவிடுவதாகவும் சொன்னான்.

அந்தப் பயணத்தில் அவனுக்கு என்ன வீம்போ தெரியாது, வளைவிலும் கால் ஊனவில்லை. நாங்கள் ஒவ்வொரு ஊசி வளைவிலும் இறங்கி முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் அந்த வளைவிலேயே வட்டம் போட்டு வட்டம் போட்டு, கடைசியாக வரும் திருமூர்த்தி இருமிக்கொண்டே வந்து சேரும்வரை சுற்றிக்கொண்டே இருந்தான். ராத்திரி தங்கும் இடத்தில் சுவரைப் பிடித்துச் சைக்கிளிலிருந்து நேராகத் திண்ணையில் ஏறிக்கொண்டான், காலையில் திண்ணையிலிருந்து நேராகச் சைக்கிளில் ஏறினான். உச்சியில் மேட்டுக் கருப்பராயன் கல் இருக்கிறது. லாரிக்காரன், பஸ்காரன், பைக்கில் போகிற காதல் ஜோடி, யாராக இருந்தாலும் அங்கே இறங்கி இரண்டு காலும் மண்ணில் பட நின்று, ஒரு சிட்டிகை மண் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டுதான் அப்புறம் இறக்கத்தில் வண்டியை விடுவான். நானே பஸ்ஸை நிறுத்தி டிரைவருக்கு மண் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம், காதர் பாயும் வழக்கம்போல் மரியாதையாக இறங்கி நின்றார். நாச்சிமுத்து இறங்கவில்லை. ஆயுசில் முதல் தடவையாக மலை முழுக்கக் கால் ஊனாமல் ஏறியிருக்கிறேன், இப்போது போய் ஊனுவேனா என்று கல்லை மூன்று சுற்றுச் சைக்கிளிலேயே சுற்றி வந்து, ஒரு கையை விட்டுக் கும்பிடு போட்டுவிட்டு, இறக்கத்தில் திரும்பினான். இரண்டாவது சட்டப்படி நாங்கள் அவனைத் தாண்டியதைக்கூடக் கவனிக்காமல், காற்று காதில் அடிக்க, கிழட்டுப் பயல்கள் எல்லாம் விசில் அடித்துக்கொண்டு அடிவாரத்துக்குப் பறந்தோம்.

டீ குடித்தோம், இன்னொரு டீ குடித்தோம், அவன் வரவில்லை. சட்டத்தை மீறி நாங்கள் திரும்ப மேலே மிதித்தோம். பாதி மலையில் அவனைப் பார்த்தோம். இறக்கமான ரோட்டில், சீட்டை விட்டு எழுந்து நின்று, ஹேண்டில்பாரை மார்போடு இழுத்துக்கொண்டு, சட்டை நனைய, ஒவ்வொரு மிதியாக ஏறி வந்துகொண்டிருந்தான். "பிரேக் புடிச்சிருக்குதா பாருங்க பாய்" என்றான். காதர் பாய் வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றினார், அது பாட்டுக்குச் சுற்றியது. தன் சைக்கிளை அவனுக்குக் கொடுத்தார், அதுவும் பின்னால்தான் வழுக்கியது. அவன் சைக்கிளில் நான் ஏறினேன், அது என்னைத் தள்ளிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடியது. திருமூர்த்தி ஒரு எலுமிச்சம்பழத்தை ரோட்டில் வைத்தார், அது கீழே உருண்டது. அதையே எடுத்து நாச்சிமுத்து கையில் கொடுத்து வைக்கச் சொன்னார், அது கீழே போகாமல் மேட்டைப் பார்த்து உருண்டு அவன் காலடியைத் தாண்டிப் போனது. "சரி, தெரிஞ்சு போச்சு. ரோடு எனக்கு மாறிக் கெடக்குது" என்றான் நாச்சிமுத்து.

பின்னாலேயே வந்த மலை பஸ்ஸில் ஏற்றினோம். அவன் ஏறி உட்கார்ந்ததும் பஸ் முக்கியது, டிரைவர் முதல் கியரைப் போட்டார், ரேடியேட்டர் கொதித்து ஆவி அடித்தது, பள்ளத்தில் போக வேண்டிய பஸ்ஸை எல்லாரும் இறங்கிப் பின்னாலிருந்து பள்ளத்துக்குத் தள்ள வேண்டியதாயிற்று. பலாப்பழ மூட்டை வைத்திருந்த ஒரு அம்மா, "கல்யாண வேலை கெடக்குதுங்க, யாராச்சும் ஒருத்தரு எறங்குனா நல்லது" என்று பொதுவாகச் சொன்னாள். நாச்சிமுத்து இறங்கிக்கொண்டான். மலைக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை போலிருக்கிறது. அடிவாரத்து டீக்கடைக்கு அவன் ஏறி வந்து சேர்ந்தபோது கடைக்கார மாதியம்மா அவனுக்கு ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டாள்.

"எங்க மாடு ஒண்ணுக்கும் இப்படித்தானுங்க ஆச்சு. மேஞ்சுக்கிட்டே மேல போச்சு, தண்ணி குடிக்கப் பள்ளத்துக்கு வந்தாலும் மேலதான் போச்சு. இப்பவும் எப்பவாச்சும் மணி கேக்கும், ஆளு கண்ணுக்குத் தெரியாது" என்றாள்.

"அதுக்கு என்ன பண்ணுனீங்க?" என்று திருமூர்த்தி கேட்டார்.

"என்ன பண்றதுங்க? கன்னுக்குட்டிய வித்துப்போட்டோம்."

அப்போதுதான் கவனித்தோம். வாழைத்தோப்பு வெயிலில் காய்கிற அடிவாரத்தில் அவன் வாயிலிருந்து புகை வந்தது, புருவத்தில் வெள்ளையாகப் பனி கட்டியிருந்தது, அவன் பக்கத்தில் நின்றால் எங்களுக்குக் காது அடைத்தது, கடையில் சரம் சரமாகத் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகள் உப்பி உப்பி ஒன்று பட்டென்று வெடித்தது. ஏறி இறங்கியவன் இல்லை அவன், ஏறி மறுபடி ஏறியவன். மலையின் உயரத்தை இரண்டு மடங்காக, ஒரு குடை மாதிரி தன்னைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். கருப்பராயன் கல்லுக்குப் பூசை வைக்கும் பூசாரியைத் தேடிப் பிடித்து, அங்கே இறங்காமல் போனதால்தானா என்று கேட்டோம். "சாமி அதுக்கெல்லாம் கோவிச்சுக்காதுங்க. அதுக்கு வேற சோலி இல்லையாக்கும்?" என்று அவர் சொன்னார். திரும்பப் போய் நாச்சிமுத்துவைக் கால் ஊனவைக்கலாம் என்றால், போவதும் ஏற்றம், வருவதும் ஏற்றம். அதனால் நாங்களே பஸ்ஸில் உச்சிக்குப் போய் அவன் பேரைச் சொல்லி இரண்டு காலும் ஊனி, ஒரு துண்டு நிறைய மண் அள்ளி வந்து, அவன் நெற்றியிலும் பூசி, பாதத்துக்குக் கீழேயும் கொட்டினோம். அவன் அதன் மேல் நின்றுவிட்டு ஒரு அடி எடுத்து வைத்தான். அதுவும் மேலேதான் போயிற்று.

"போகாம இருந்தா?" என்றார் காதர் பாய். "இங்கயே உக்காந்துக்கிட்டா ஏறாதல்ல?"

"அங்க அவ தூங்காம உக்காந்திருப்பா பாய்" என்றான் நாச்சிமுத்து. அவ்வளவுதான், கிளம்பிவிட்டோம்.

வாய்க்கால் கரை ஊருக்கே தெரிந்த சமதளம். அதில் அவன் ஏறி வந்தான், நாங்கள் சும்மா மிதித்து வந்தோம், வளைவே இல்லாத ரோட்டில் மைல்கல்லுக்கு மைல்கல் நின்று அவனுக்காகக் காத்திருந்தோம்.

ஊர் முதலில் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஐம்பது வீடு தாண்டி அடிக்கிற வெயில் அவன் தெருவுக்குள் வந்ததும் நின்றுவிடும். விடியற்காலையில் வாழை இலையில், சைக்கிள் சீட்டில், கோல மாவில் எல்லாம் பனி உட்கார்ந்திருக்கும். சித்திரை பிறந்ததும், தண்ணிப் பால் என்று அவனால் கேவலப்பட்டவர்களே பால் கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, கொஞ்ச நேரம் இப்படி ஓரமா இருக்கட்டுங்க" என்று அவன் வாசலில் வரிசையாக வைத்தார்கள். பூக்காரிகள் மல்லிகைப் பந்தை ஈரத்துணியில் சுற்றி ஜன்னலில் தொங்கவிட்டார்கள். தையல்காரர் குரங்குக் குல்லா தைத்தார், ஒருத்தர் தொட்டியில் முட்டைக்கோஸ் போட்டார், கல்யாணமான புதுசுகள் அத்தாணியிலிருந்தும் நம்பியூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு தெருவில் நடந்தார்கள், ஊட்டித் தெரு என்று பேரும் வைத்தாயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர் வாய் அந்தக் கோடை முழுக்க நாச்சிமுத்துவை வாழ்த்தித் திறந்தபடி இருந்தது. பால் சொசைட்டியில் அவன் இடத்துக்கு வந்த குழந்தைவேலு, "அண்ணன் இருந்த காலத்துல நம்ம பால் பேரக் கெடுத்தாரு, இப்பத்தான் பாலக் காப்பாத்தறாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அவன் வீட்டுக்குள் சோறு வேகவில்லை. உலை சீக்கிரமே தளதளவென்று கொதித்தது, ஆனால் அரிசி அரிசியாகவே கிடந்தது. அடுப்பு நீலமாக மினுக்கி மினுக்கி எரிந்தது, சாமி விளக்கு நிற்கவில்லை, தீக்குச்சியைக் கிழித்தால் ஒரு பொறி காட்டிவிட்டு அணைந்தது. நாங்கள் முறை வைத்து எங்கள் வீடுகளிலிருந்து சோறு கொண்டு போனோம். அதெல்லாம் பெரிய கஷ்டம் இல்லை. பழனாத்தாளுக்கு மூச்சு வரவில்லை, அதுதான் கஷ்டம்.

நல்ல நெஞ்சு உள்ளவனுக்கே அவன் பக்கத்தில் இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும். பஞ்சு அடைத்த அந்த நெஞ்சு என்ன செய்யும்? வந்த முதல் நாளே அவள் பின்னால் உட்கார்ந்து கையை வைத்தான், அவள் உதடு நாவல்பழமாகிவிட்டது, கையை எடுத்துக்கொண்டான். அவன் முன்னறைக்கு வந்தான், அவள் பின்கட்டுக்குப் போனாள். ஆனால் முன்னறைக்கு வந்ததும் ஏற்றம்தானே. வந்ததில் இன்னும் உயர்ந்தான், குடை இன்னும் விரிந்தது, பின்கட்டிலும் காற்று மெலிந்தது. விலகிப் போனாலும் உயரம் கூடும், நெருங்கி வந்தாலும் உயரம் கூடும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவன் வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அதற்கப்புறம் முடிந்தவரை எழுந்திருக்கவே இல்லை. அவசரத்துக்கு எழுந்து பத்தடி போய் வந்தாலும், "போச்சு, ஒரு தென்னமர ஒசரம் போச்சு" என்று கணக்குப் பார்த்து அழுவான். பால் சொசைட்டிக்கே பயப்படாத மனுசன் கக்கூசுக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான்.

தெருக்காரர்கள் மாரியம்மன் கோயிலில் கூட்டம் போட்டார்கள். அவனை எங்காவது ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கலாம் என்று காதர் பாய் சொன்னபோது எல்லாரும் ஒரே குரலில், "பாவமுங்க, வயசான மனுசன், நடக்க வெச்சா இன்னும் ஏறிப்போகுமல்ல" என்றார்கள். குழந்தைவேலுதான் வழி சொன்னான்: "அந்தம்மாள அவுங்க அக்கா வூட்டுக்குக் காங்கயத்துக்கு அனுப்பிச்சுட்டா அவுங்களும் நல்லா மூச்சு வுடுவாங்க, அண்ணனும் நம்மளோட இருப்பாரு." கேட்டால் நியாயம்தான். ஊரே சேர்ந்து கார் பிடித்து, ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்து, சீர் கொடுத்து அனுப்புவது மாதிரி அவளை அனுப்பியது. நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் சரி என்று சொன்னவனும் அவன்தான்.

காங்கயத்திலிருந்து அவள் போன் செய்வாள். நாங்கள் யாராவது போனை அவன் காதில் வைப்போம், சத்தம் வெளியிலும் கேட்கும்.

"மூச்சு நல்லா வருதுங்க. தூக்கந்தான் வரலீங்க."

"உங்கக்காள நீவி வுடச் சொல்லு புள்ள."

"சொன்னனுங்க. அவளும் நீவறா. அந்தக் கை வேறயா இருக்குதுங்க."

அதற்கப்புறமும் இரண்டு பேரும் போனை வைக்க மாட்டார்கள். பஸ்ஸில் எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்திருக்கிறேன், டிக்கெட் கேட்பதை நிறுத்தியதில்லை. அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க மட்டும் என்னால் முடியவில்லை, திருமூர்த்தியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

வைகாசி கடைசியில் ஒரு மத்தியானம், டவுன் பஸ்ஸிலிருந்து பழனாத்தாள் தனியாக இறங்கினாள். பஸ் ஸ்டாப் டீக்கடையில் நானும் திருமூர்த்தியும் உட்கார்ந்திருந்தோம். கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி இருந்தது, தூங்கி எத்தனை நாளோ. "எங்கம்மிணி வந்த?" என்றேன். "தூங்கறதுக்கு வந்தனுங்ண்ணா" என்றாள். திரும்பக் காங்கயம் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று கையைப் பிடித்தேன். என் கையை மெல்ல எடுத்துவிட்டு நடந்தாள். நாங்கள் அவளுக்கு இரண்டு பக்கமும் போனோம், வேறென்ன செய்வது?

தெரு முனையிலேயே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதல் கரண்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்று, ஊதுகிற மருந்தை இழுத்து, அடுத்த கம்பத்தைப் பார்த்தாள். "இதுதானுங்களா ஊசி வளவு?" என்றாள். "ஆமா அம்மிணி" என்றார் திருமூர்த்தி. "அப்ப இங்க கால் ஊனிக்கலாம், நீங்க ரெண்டு பேரும் காத்திருக்கோணும், அதுதான சட்டம்?" அவளுக்கு எங்கள் சட்டம் எல்லாம் தெரிந்திருந்தது, எத்தனை வருசம் கதை கேட்டிருப்பாள். கம்பத்துக்குக் கம்பம் நின்றோம். தெருவே வாசலில் வந்து நின்று பார்த்தது. குல்லா போட்டவர்கள், போர்வை சுற்றியவர்கள், பால் கேனைத் தூக்கிய கையோடு குழந்தைவேலு. ஒருத்தரும் குறுக்கே வரவில்லை. காதர் பாய் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்.

நாச்சிமுத்து பார்த்துவிட்டான். "வராத புள்ள! நில்லு! பாய், புடிங்க அவள!" என்று கத்தினான். எழுந்து அவளிடம் ஓடினால் உயரம் கூடும், எழுந்து வேறு பக்கம் ஓடினாலும் உயரம் கூடும்; நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் அந்த மனுசனால் அவளுக்குச் செய்ய முடிந்த உபகாரம். அதைச் செய்தான். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்து நின்றது.

அவள் வந்து சேர்ந்தாள். உட்காராமல் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள், விரலால் அவன் புருவத்தைத் தொட்டாள்.

"இதுதானுங்களா பனி?"

"இதுதான் புள்ள."

"நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, அவன் காலடியில் தரையில் உட்கார்ந்து, முதுகை அவன் முழங்காலுக்குக் காட்டினாள்.

நாங்கள் தள்ளி நின்றோம். அவன் கையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான், அப்புறம் அவள் முதுகில் வைத்தான். இடுப்பிலிருந்து பிடரிவரை நீவினான். அவள் தலை மெல்லச் சாய்ந்தது. பொழுது சாயும்வரை நீவிக்கொண்டே இருந்தான். கை நின்றால் விழித்துக்கொள்வாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், அதனால் நாங்களும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை. காதர் பாய்தான் கடைசியில் குனிந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் தோளைத் தொட்டார்.

"மொதல்ல தூங்குனா பாய்" என்றான் நாச்சிமுத்து. "நல்லா தூங்குனா. கொறட்டகூட வுட்டா. அப்புறந்தான் போனா."

மறுநாள் காலையில் ஆற்றங்கரைக்குத் தூக்கிப் போனோம். பிள்ளை இல்லாததால் அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். "இனி ஏறுனா என்ன? தலைக்கு மேல போயிருச்சு, சாண் என்ன மொழம் என்ன?" என்று சொல்லி எழுந்தான், நடக்க முடியாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தில் இருக்கிற ஆற்றங்கரைக்குக் கடைசி ஆளாக ஏறி வந்தான். தலைமயிரெல்லாம் வெள்ளைப் பனி. பாடையை இறக்கி, சாண விராட்டி அடுக்கி, எண்ணெய் ஊற்றி, கொள்ளியை அவன் கையில் கொடுத்தோம். அவன் கைக்குப் போனதும் அணைந்தது. மறுபடி பற்றவைத்துக் கொடுத்தோம், அணைந்தது. கற்பூரம் பற்றவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றினோம், விராட்டி புகைகூடக் காட்டவில்லை. வெட்டியான் எத்தனையோ பார்த்தவர், நிமிர்ந்து அவனைப் பார்த்து, "சாமி, கோவிச்சுக்காதீங்க. நீங்க பக்கத்துல நிக்கறவரைக்கும் புடிக்காதுங்க" என்றார்.

நாச்சிமுத்து கொள்ளியை என் கையில் கொடுத்தான். அவளைத் திரும்பிப் பார்க்காமல், ஒரு காலைத் தூக்கிப் போட்டுச் சைக்கிளில் ஏறினான். ஆற்றை ஒட்டின வண்டிப்பாதையில் எழுந்து நின்று மிதித்தான், ஒவ்வொரு மிதியாக, அந்தச் சமதளத்தில் அவன் எங்களுக்கு மேலே போவது கண்ணுக்கே தெரிய ஆரம்பித்தது. முதலில் வேலிக்கு மேலே, அப்புறம் பனைமரத்துக்கு மேலே. நான் தீக்குச்சியைக் கிழித்தேன், ஒரு பொறி காட்டி அணைந்தது.

"புடிச்சுதா மாரப்பா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லடா, இன்னுங் கொஞ்சம் போ" என்று நான் கத்தினேன்.

போனான். அடுத்த குச்சி கொஞ்சம் நின்று எரிந்தது. அதற்கடுத்ததில் கற்பூரம் நீலமாகப் பிடித்தது.

"புடிச்சுதா?"

"இன்னுங் கொஞ்சம்!"

திருமூர்த்தி மண்ணில் உட்கார்ந்து வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டார். காதர் பாய் சைக்கிள் போன பக்கத்தைப் பார்த்தே நின்றார். மேகம் எதுவும் இல்லாத வானத்தில் அவன் சின்னதாகிக்கொண்டே போனான், அப்புறம் எனக்குத் தெரியவில்லை, என் பார்வையும் மங்கல். விராட்டி சடசடவென்று பிடித்தது, நெருப்பு ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்து, பல மாதத்துக்குப் பிறகு எங்கள் முகத்தில் வெக்கை அடித்தது.

"புடிச்சுதா மாரப்பா?" என்று எங்கேயோ மேலேயிருந்து கேட்டது.

"புடிச்சிருச்சுடா!" என்று என் கெட்டுப்போன தொண்டையில் எத்தனை சத்தம் இருந்ததோ அத்தனையையும் போட்டுக் கத்தினேன். "நல்லா புடிச்சிருச்சு, நீ நில்லு, போதும்!"

அது அவனுக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, முன்னைவிட மெல்ல, இன்னும் மேலேயிருந்து, புடிச்சுதா என்று கேட்டது.